பழைய கடலோர ஊர் ஒண்ணை படகுல போய் சுத்திப் பார்த்திருக்கீங்களா? எந்த ஊருக்கு அப்படிப் போகலாம்?

கொச்சி. யோசிக்கவே வேண்டாம். அதோட பழைய பகுதிங்களான ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

நம்ம ஊர்ல இருந்து போறவங்க நிறைய பேர் எர்ணாகுளத்துல ரயில் இறங்கி, நேரா கார் பிடிச்சு தோப்பும்படி வழியா போய் கரையில நிறுத்தி வச்சிருக்க சீன மீன்பிடி வலை முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு மூணாறுக்கு கிளம்பிடுறாங்க. அது அந்த ஊருக்குள்ள கொல்லைப்புறமா நுழையுற மாதிரி, ஏன்னா அந்த ஊர் கட்டப்பட்டதே தண்ணியைப் பார்த்து, கிடங்கு, அரண்மனை, கஸ்டம்ஸ் எல்லாமே காயல் பக்கம்தான் இருக்கு. ரோட்டுல போனா எங்க திரும்பினாலும் சுவரும் ஆட்டோவும்தான் தெரியும், தண்ணியில வந்தாத்தான் இந்த ஊர் எதுக்காக இங்க வந்துச்சுன்னே புரியும்.

டூரிஸ்ட் போட்டுக்கு ஆயிரக்கணக்குல கொடுக்க வேண்டியதில்ல. எர்ணாகுளம் மெயின் ஜெட்டியில அரசு போட் இருக்கு, டிக்கெட் பஸ் டிக்கெட் அளவுதான். ஹைகோர்ட் ஜெட்டியில இருந்து வாட்டர் மெட்ரோங்கற புதுப் படகுச் சேவையும் போகுது, 2023-ல ஆரம்பிச்சாங்க, ஃபோர்ட் கொச்சி வரைக்கும் 2024-ல வந்துச்சு. சுத்தமா, ஏசியோட, அருமையா இருக்கு. ஆனா கண்ணாடி மூடியிருக்கும், காத்து வராது, அதனால போறப்பவாவது பழைய அரசு போட்லயே போங்க. ஆபீஸ் போறவங்க, மீன் கூடை வச்சிருக்கவங்க, காலேஜ் பசங்கன்னு எல்லாரும் இருப்பாங்க, ஜன்னல் திறந்தே இருக்கும், டீசல் வாசனையும் உப்புக்காத்தும் சேர்ந்து வரும்.

போட் கிளம்பினதும் வலது பக்கம் போல்காட்டி தீவு, 1744-ல டச்சுக்காரங்க கட்டின மாளிகை அங்க இருக்கு. அதைத் தாண்டினா வல்லார்பாடம் கன்டெய்னர் கிரேன்கள். இடது பக்கம் வில்லிங்டன் தீவு, அதுல பெரும்பகுதி இயற்கையா வந்தது இல்ல, ராபர்ட் பிரிஸ்டோங்கற இன்ஜினியர் துறைமுகத்துக்கு ஆழம் தோண்டுறப்ப வந்த மண்ணைக் கொட்டி உருவாக்கினது. கொச்சித் துறைமுகமே 1341-ல பெரியாத்துல வந்த வெள்ளத்துக்கு அப்புறம்தான் தலையெடுத்துச்சுன்னு சொல்லுவாங்க, வெள்ளத்துல கொடுங்கல்லூர் பக்கம் மண்ணு மேவி, இங்க முகத்துவாரம் திறந்துக்கிச்சு. கொடுங்கல்லூர் பக்கம்னா சங்கப் பாட்டுல மிளகுக்கு பேர் போன நம்ம முசிறி இருந்த பகுதிதான். அந்த வியாபாரம் அப்படியே தெக்க நகர்ந்து வந்ததுதான் கொச்சி.

இறங்கினதும் முதல்ல சீன வலை. போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடாதீங்க, அரை மணி நேரம் அங்கயே நில்லுங்க. ஒரு வலைக்கு நாலஞ்சு பேர் வேணும். வலையைத் தாங்குற பெரிய உத்தரம் மேல ஒருத்தர் நடந்து போவார், அவர் எடைக்கே வலை மெதுவா தண்ணிக்குள்ள இறங்கும். கொஞ்ச நேரம் கழிச்சு பின்னாடி இருக்கவங்க கயிறைப் பிடிச்சு இழுப்பாங்க, கயிறுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா பாறாங்கல்லு கட்டியிருக்கும், வலை மேல வர வர அந்தக் கல்லெல்லாம் ஒவ்வொண்ணா தரையில உக்காரும், அந்தச் சமநிலையாலதான் அவ்ளோ பெரிய வலையை கைபலத்துலயே தூக்க முடியுது. நான் பார்த்த அன்னைக்கு ஏறி வந்தது ஒரு நண்டு, ஒரு கைப்பிடி இறால், மீதி பூரா ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் கவரும். அங்க இருந்த பெரியவர் எதுவும் பேசாம கவரை மட்டும் தனியா எடுத்துப் போட்டுட்டு மறுபடி வலையை இறக்கினார். மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. போறவங்க அங்கயே மீன் வாங்குங்க, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகுற அளவா இருந்தாலும் பரவாயில்ல.

பக்கத்துலயே செயின்ட் பிரான்சிஸ் சர்ச். வாஸ்கோ டி காமா 1524 டிசம்பர்ல கொச்சியிலதான் செத்தார், இங்கதான் புதைச்சாங்க, 1539-ல எலும்பை போர்ச்சுகலுக்கு கொண்டு போயிட்டாங்க. கல்லறைக்கல்லு இன்னும் இருக்கு. எல்லாரும் அதை மட்டும்தான் பார்க்கிறாங்க, மேல தொங்குற துணி விசிறியையும் பாருங்க, வெளியில ஒரு ஆள் உக்காந்து கயிறு இழுப்பாராம், உள்ள இருக்கவங்களுக்கு காத்து வரும். எனக்கு காமாவை விட அந்தப் பேர் தெரியாத ஆளைப் பத்திதான் நினைப்பு ஓடுச்சு.

தமிழ் ஆளுங்க கண்டிப்பா போக வேண்டிய இடம் தோபி கானா, அதாவது துணி வெளுக்குற இடம். டச்சுக்காரங்க காலத்துல பட்டாளத்து உடுப்பு வெளுக்க தமிழ்நாட்டுல இருந்து கூட்டிட்டு வந்த குடும்பங்கன்னு சொல்றாங்க, அவங்க பரம்பரை இன்னைக்கும் அதே தொழில் பண்றாங்க. கொடியில கிளிப் கிடையாது, ரெண்டு கயிறை முறுக்கி அதுக்கு நடுவுல துணி முனையைச் செருகிடுறாங்க, எவ்ளோ காத்தடிச்சாலும் விழாது. கஞ்சி போட்டு பெட்டி போட்ட வெள்ளை வேட்டி அடுக்கு அடுக்கா இருந்துச்சு. நான் தமிழ்ல பேசினதும் ஒரு அம்மா, "எந்த ஊரு தம்பி? நாங்க இங்கயே பொறந்து வளர்ந்தவங்க, ஆனா வீட்டுல தமிழ்தான்"னு சொன்னாங்க. பேச்சுல பாதி மலையாள இழுவை இருந்துச்சு, கேட்க அவ்ளோ இதமா இருந்துச்சு.

அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு பஜார் ரோடு வழியா நடந்தே போங்க. இந்த ஊர்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த ரோடுதான். ஓடு போட்ட பழைய கிடங்கு வரிசை, ஒரு கதவு ரோட்டுக்கு, இன்னொரு கதவு தண்ணிக்கு. வள்ளத்துல வந்த மூட்டை இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வண்டிக்குப் போகும். சில கிடங்குல இன்னும் சுக்கு, மிளகு மூட்டை இருக்கு, வாசல் தாண்டுறப்பவே தும்மல் வரும். ஆனா வருஷா வருஷம் கிடங்கு கஃபேயா மாறிட்டே இருக்கு, சீக்கிரம் போய் பார்த்துடுங்க.

மட்டாஞ்சேரி அரண்மனை பேருதான் டச்சு பேலஸ், 1555-ல போர்ச்சுக்கீசியர் கொச்சி ராஜாவுக்கு கட்டிக் கொடுத்தது, டச்சுக்காரங்க பின்னாடி புதுப்பிச்சாங்க. உள்ள ராமாயண சுவரோவியம் இருக்கு, அவசரமில்லாம பார்க்கணும். ஒட்டின மாதிரி யூதத் தெரு. 1568-ல கட்டின ஜெபக்கூடத்துல தரை முழுக்க சீனாவுல இருந்து வந்த நீலப்பூ ஓடு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான்ங்கற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு இந்தச் சமூகத்துக்கிட்டதான் இருந்து வந்துச்சு, ஆயிரம் வருஷப் பழசு, எழுத்து வட்டெழுத்து. 1948-க்கு அப்புறம் பெரும்பாலான குடும்பங்க இஸ்ரேல் போயிட்டாங்க, வீடுங்க எல்லாம் இப்ப கைவினைக் கடை.

வெள்ளி, சனி போகாதீங்க, வெள்ளிக்கிழமை அரண்மனை லீவு, சனிக்கிழமை ஜெபக்கூடம் லீவு. திரும்புறப்ப வந்த வழியே வராம, ஃபோர்ட் கொச்சியில இருந்து வண்டிங்களையும் ஏத்திட்டுப் போற ரோ-ரோ படகுல எதிர்க்கரையில இருக்க வைப்பின் தீவுக்குப் போங்க, வண்டிங்களோட வண்டியா நின்னுட்டே முகத்துவாரத்தைக் கடக்கலாம், நேரம் நல்லா இருந்தா பெரிய கப்பல் பக்கத்துலயே போகும், டால்ஃபினும் தெரியும். வைப்பின்ல இருந்து ஹைகோர்ட் ஜெட்டிக்கு வாட்டர் மெட்ரோ இருக்கு, கடைசி படகு எத்தனை மணிக்குன்னு காலையிலயே கேட்டு வச்சுக்குங்க.