வன உரிமை மனுவுக்குக் காசு கேட்டால்

கேள்வி: கோவை மலையடிவாரத்தில் எங்களுடையது சின்ன இருளர் பதி. பிள்ளைகளுக்கு ரத்தசோகை என்கிறார்கள். கிழங்கு, தேன் எடுக்கப் போனால் வனக்காவலர் திருப்பி அனுப்புகிறார். வன உரிமைப் பட்டா வாங்கித் தர ஒருவர் வீட்டுக்கு 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

முதலில் பிள்ளைகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிக்கிள் செல் (ரத்த அணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரைக் குறைபாடு) பரிசோதனையும் கேளுங்கள். இருளர்களிடம் அந்தக் குறைபாடு உண்டு. மாத்திரை தந்திருந்தால் நிறுத்தாதீர்கள். ஆனால் ரேஷன் அரிசி மட்டுமே வேகும் வீட்டில் மாத்திரை எத்தனை நாளைக்குத் தாங்கும்? கிழங்கும் கீரையும் தேனும் பழையபடி வீட்டுக்கு வர வேண்டும். அதற்கான மருந்துச்சீட்டு உங்கள் கிராம சபையின் கையில் இருக்கிறது. காட்டில் யாருக்கு என்ன உரிமை என்று முதலில் தீர்மானிப்பது அந்தச் சபைதான், வனத்துறை அல்ல.

இந்தத் தரகர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வீடு வீடாகத் தனிப்பட்டா மனு எழுதுவார்கள், தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஊர் முழுவதற்கும் சேர்த்துப் போடும் சமூக உரிமை மனுவைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். அது ஒரே மனு, அதில் அவர்களுக்கு வரும்படி இல்லை. உங்களுக்கு வேண்டியது அதுதான்: ‘பி’ படிவம். கிழங்கு, தேன், மூங்கில், மூலிகை எடுக்கவும் விற்கவும் உரிமை அதில் வருகிறது. "ஆதாரம் இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வெற்றுத்தாளில் கைநாட்டு கேட்பார்கள், வைக்காதீர்கள். ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அது ஒரு சான்று. பழைய சுடுகாடும் சாமி இடமும் இன்னொன்று. இரண்டு போதும்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வேட்டை இதில் சேராது. முயலுக்குக் கண்ணி வைத்தாலும் சேராது, பாட்டன் காலத்திலிருந்து வைத்ததாக இருந்தாலும் சேராது. சமூக உரிமை வந்துவிட்டது என்று நம்பி யாராவது பன்றிக்கு வலை கட்டினால் வழக்கு அவர் மேல்தான் வரும். இளைஞர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2016 வரை, பட்டா வழங்க நீதிமன்றத் தடை இருப்பதை அதிகாரிகள் காரணம் காட்டினார்கள். தடை போய் இத்தனை வருடம் ஆகியும் ‘அடுத்த கூட்டத்தில்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், பிள்ளைகளின் ரத்தம் அதுவரை காத்திருக்குமா? சரி, நீங்கள் காத்திருக்க வேண்டாம். சபையைக் கூட்டச் சொல்லி ஊராட்சிக்கு எழுத்தில் கொடுங்கள். மனுக்களை வாங்கிச் சரிபார்க்க சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும், அதை விடாதீர்கள். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சபை நிராகரித்தால் 60 நாளுக்குள், சபைக்கு மேலே கோட்ட அளவில் இருக்கும் உட்கோட்டக் குழுவிடம் முறையிடலாம்.