இலவசமாகத் தரும் மதுவுக்கு எதற்கு டிப்ஸ்?

லாஸ் வேகாஸ் கசினோவில் விளையாடுபவர்களுக்குச் சரக்கு இலவசம், அப்புறம் டிப்ஸ் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் கொடுங்கள். இலவசம் என்பது சரக்கின் விலை மட்டும்தான், கலந்து தருபவரின் உழைப்பு அதில் சேராது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்கச் சட்டம் விடுவதில்லை என்றாலும், இவர்கள் குடும்பம் நடத்துவது டிப்ஸை நம்பித்தான்.

ஒரு கிளாஸுக்கு 1 டாலர் என்பது பழைய வழக்கம், இப்போது 2 கொடுப்பதுதான் மரியாதை, மெனக்கெட்டுக் கலக்கும் காக்டெயில் என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்தே கொடுக்கலாம். மேஜையில் ஆடுகிறீர்களா, பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப் வில்லையாகவே தரலாம். ஸ்லாட் மெஷின் ஜெயித்த பணத்தை நோட்டாக இல்லாமல் ரசீதுச் சீட்டாகத்தான் துப்பும் என்பதால் 1 டாலர் நோட்டுகளைக் கையோடு கொண்டு போங்கள்.

பார் மேடையில் பதித்த வீடியோ போக்கர் (திரையில் ஆடும் சீட்டாட்டம்) மெஷினில் உட்கார்ந்தால், பல இடங்களில் அதன் பின்பக்கம் பார்டெண்டர் பார்க்கும்படி ஒரு சின்ன விளக்கு இருக்கும். இலவசக் கிளாஸுக்குத் தேவையான அளவு நீங்கள் ஆடிவிட்டீர்களா என்பதை அதுதான் சொல்லும். விளக்கு எரியவில்லையென்றால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அந்த விதியைப் போட்டது நிர்வாகம்.