வௌவாலுக்கு இரண்டு மாலை ஒதுக்குங்கள்

கேள்வி: பள்ளி விடுமுறையில் சரவாக்கின் முலு தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், அக்கா. இரண்டு இரவு தங்கல். நாங்கள் இருவர், பத்து வயது மகன், முழங்கால் வலியுள்ள அம்மா. குகைகளோடு பினாக்கல்ஸ் (கூரிய சுண்ணாம்புப் பாறைத் தூண்கள்) மலையேற்றத்தையும் முடித்துவிடலாமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: பினாக்கல்ஸை விட்டுவிடுங்கள், தங்கச்சி. அதற்கே மூன்று நாள் போய்விடும். 2.4 கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டர் ஏற்றம், உச்சியை நெருங்கினால் ஏணி மேல் ஏணி. அம்மாவை அறையில் உட்காரவைத்துவிட்டு அப்படி என்ன ஏற்றம்?

முலுவுக்குச் சாலை கிடையாது. பெரும்பாலும் மீரி நகரிலிருந்து சின்ன விமானம்தான். அதனால் முதலில் விமானச் சீட்டு, பிறகு அறை, கையோடு குகைச் சுற்றுலாவுக்கும் பதிவு. வழிகாட்டி இல்லாமல் குகைக்குள் விடமாட்டார்கள். சரவாக்கும் மலேசியாதான் என்றாலும், அங்கே இறங்கியதும் தீபகற்பத்திலிருந்து போகும் நம்மவர்களும் குடிநுழைவைக் கடக்க வேண்டும், மைகார்டை (அடையாள அட்டையை) மறந்துவிடாதீர்கள்.

போய்ச் சேர்ந்த அன்று பிற்பகலே மான் குகைக்குக் கிளம்பிவிடுங்கள். காட்டுக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் பலகைப் பாதை, பெரும்பாலும் சமதரை. மெதுவாக நடந்தால் அம்மாவுக்கும் முடியும். குகைக்குள் நெடி மூக்கைத் துளைக்கும், எல்லாம் வௌவால் எச்சம். தொப்பி அவசியம். வழுக்கும் இடங்களில் கைப்பிடியைப் பிடித்தே ஆகவேண்டும், ஆனால் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன்மேல் பூச்சிகளும் நடைபழகும்! கை கழுவாமல் மகன் பிஸ்கட்டைத் தொடக்கூடாது.

வெளியே வந்ததும் அவசரப்படாமல் உட்காருங்கள். மாலையில் இலட்சக்கணக்கான வௌவால்கள் குகைவாயிலிருந்து கறுப்பு நாடாவாகச் சுருண்டு சுருண்டு கிளம்பும். பருந்து காத்திருக்கும், அதனால்தான் அந்தக் கூட்டமும் நெளிவும். எனக்கு முலு என்றால் இதுதான். ஆனால் நல்ல மழை பிடித்தால் ஒன்றுகூட வெளியே வராது. அதற்காகத்தான் இரண்டாம் நாள் மாலையையும் காலியாக வையுங்கள் என்கிறேன். திரும்பும்போது இருட்டிவிடும், ஆளுக்கொரு டார்ச்லைட்.

இரண்டாம் நாள் காலை படகில் காற்றுக் குகை, கிளியர்வாட்டர் குகை. அங்கே இருநூறு படிக்குமேல் ஏற வேண்டும். அம்மாவுக்கு அது வேண்டாம். ஆற்றோரம் உட்கார இடம் உண்டு, ஆனால் பதிவு செய்யும்போதே பூங்கா அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். குகைக்கு வெளியே குளிக்கலாம். மகனுக்கு மாற்றுடை எடுத்துக்கொள்ளுங்கள்.