வயிற்றை வெட்டாமல் வளையம் பொருத்திக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரவில் நெஞ்செரிச்சலும் உண்டு. லண்டனில் இருக்கும் என் நாத்தனார் 2011இல் இரைப்பையில் வளையம் பொருத்திக்கொண்டு 20 கிலோவுக்கு மேல் குறைந்தார். வயிற்றை வெட்டும் சிகிச்சைகளை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. வளையத்தை வேண்டாதபோது எடுத்துவிடலாம் என்கிறார்கள். அது எனக்குப் பொருந்துமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் தந்த விவரப்படி உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அளவு) ஏறக்குறைய 41.7. இந்தியர்களுக்கு 37.5ஐத் தாண்டினாலோ, சர்க்கரை நோய் போன்ற துணைநோய் இருந்து 32.5ஐத் தாண்டினாலோ அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்பது இங்கு நெடுநாளாக உள்ள அளவுகோல். 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு அந்த வரம்பை 27.5 வரை தளர்த்தியிருக்கிறது. ஆகவே அறுவை சிகிச்சை பற்றி நீங்கள் யோசிப்பது சரியே. எந்த அறுவை சிகிச்சை என்பதில்தான் உங்கள் நாத்தனார் சென்ற வழியை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இடுப்பில் அரைஞாண் கட்டுவதைப் போல, சிலிகோன் பட்டை ஒன்றைச் சுற்றிப் பூட்டுவதுதான் இந்தச் சிகிச்சை. பட்டைக்கு மேலே நெல்லிக்காய் அளவே கொள்ளும் சிறிய பை ஒன்று உருவாகும். பட்டையிலிருந்து வரும் மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்த பொத்தான் போன்ற போர்ட்டில் முடியும். அதில் ஊசி வழியாகச் சலைன் (உப்புநீர்) ஏற்றினால் பட்டை இறுகும், உறிஞ்சினால் தளரும். உணவு அந்தச் சிறு பையில் தேங்குவதால்தான் பசி அடங்குகிறது என்று முதலில் எண்ணினோம். உண்மையில், சரியாக இறுக்கிய வளையத்தில் உணவு தேங்குவதில்லை. நன்றாக மென்ற கவளம் விரைவிலேயே கடந்துவிடுகிறது, கடக்கும்போது இரைப்பைச் சுவரில் ஏற்படும் அழுத்தமே வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்கிறது.

அந்தச் சரியான இறுக்கத்தைக் கண்டுபிடிப்பது ஒரே நாளில் முடியும் வேலை அல்ல. அறுவை முடிந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்து முதல் ஊசி, பிறகு முதல் ஆண்டில் பல தடவை. அரை மில்லியோ ஒரு மில்லியோ ஏற்றியதும் நோயாளியை எழுந்து உட்காரச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அவர் மடக்கு மடக்காகக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம்; தண்ணீர் நெஞ்சில் நின்று திரும்பி வந்தால் ஏற்றியதில் கொஞ்சத்தை உறிஞ்சியாக வேண்டும். இதில் பழகிய மருத்துவர் உங்கள் ஊருக்கு எட்டும் தொலைவில், இன்றும் பத்து ஆண்டு கழித்தும் இருப்பாரா என்பதை நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயமும் எளிதல்ல. பரோட்டா, நார் உள்ள இறைச்சி, சரியாக மெல்லாத சோறு ஆகியவை வளையத்தில் சிக்கிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் பேச்சுவாக்கில் ஒரு கவளத்தை அப்படியே விழுங்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நுரைத்த எச்சிலைத் துப்பக் கை கழுவும் இடத்துக்கு ஓடியதாக ஒரு நோயாளி என்னிடம் சொன்னார். ஆனால் பாயசமும் ஐஸ்கிரீமும் சர்க்கரை போட்ட காப்பியும் தடையின்றி இறங்கிவிடும். எது சிரமமில்லாமல் இறங்குகிறதோ அதற்கே மனிதர்கள் பழகிவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் வேண்டியதில்லை.

உங்கள் நாத்தனாரின் மருத்துவர்கள் தவறாக எதுவும் செய்துவிடவில்லை. 1993இல் பெல்ஜியத்தில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை) மூலம் பொருத்தத் தொடங்கிய இந்த வளையம், 2011 வாக்கில் அமெரிக்காவில் நடந்த உடல் பருமன் அறுவை சிகிச்சைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்தது. இன்று அங்கு அது மிக அரிது. வளையம் நழுவுவது, இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகுவது, உணவுக்குழாய் விரிந்துவிடுவது, போர்ட்டில் கசிவு என்று ஆண்டுகள் செல்லச் செல்லத் தொல்லைகள் சேர்ந்ததும், எடையும் எதிர்பார்த்த அளவு குறையாததும் காரணங்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் வளையம், பைபாஸ் (இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைப்பது), ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல் ஆக்குவது) ஆகிய மூன்று சிகிச்சைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பை-பேண்ட்-ஸ்லீவ் ஆய்வில், மூன்று ஆண்டு முடிவில் கூடுதல் எடையில் பாதியையாவது இழந்தவர்கள் பைபாஸில் 68 சதவீதம், ஸ்லீவில் 41, வளையத்தில் 25.

‘வேண்டாதபோது எடுத்துவிடலாம்’ என்பது பாதிதான் உண்மை. எடுப்பதும் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைதான். வளையம் இருந்த இடத்தில் தழும்புத் திசு இறுகிக் கிடக்கும், அதன்மேல் வேறு சிகிச்சை செய்வது கடினமாகும். வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் எடையும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

உங்களுக்குச் சர்க்கரை நோய், நெஞ்செரிச்சல் இரண்டும் இருப்பதால் பைபாஸ்தான் முதலில் என் நினைவுக்கு வருகிறது. உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டி நேரே போவதால் குடல் ஹார்மோன்கள் மாறி, எடை இறங்குமுன்பே சர்க்கரை கட்டுப்படத் தொடங்குவது உண்டு. வளையத்தில் இந்த ஹார்மோன் மாற்றம் கிடைப்பதில்லை. ஸ்லீவ் சிலருக்கு நெஞ்செரிச்சலைக் கூட்டிவிடும். பைபாஸுக்குப் பின் பி12, இரும்பு, கால்சியம் ஆகியவற்றை ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும், அதில் சலுகை இல்லை. கத்தியே வேண்டாம் என்றால், 2025இல் இந்தியாவுக்கு வந்த டிர்ஸெபடைட் போன்ற வாராந்தர ஊசிகள் சர்க்கரையையும் எடையையும் சேர்த்தே குறைக்கின்றன; நிறுத்தினால் எடை ஏறும், செலவும் மாதந்தோறும் தொடரும். முடிவெடுக்குமுன் எண்டோஸ்கோப்பி, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை), தைராய்டு, குறட்டை இருந்தால் உறக்கப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்துகொண்டு, உடல் பருமன் அறுவை நிபுணரையும் நீரிழிவு மருத்துவரையும் பாருங்கள்.

உங்கள் நாத்தனாரிடமும் ஒன்று கேளுங்கள். படுத்தால் இருமலோ, அடிக்கடி வாந்தியோ இருந்தால் வளையத்தைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீரே இறங்கவில்லை அல்லது மேல்வயிறு விடாமல் வலிக்கிறது என்றால் அவர் அன்றே மருத்துவமனைக்குப் போய், போர்ட்டிலிருந்து சலைனை எடுத்து வளையத்தைத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.