கைரல் ஹைட்ரஜனேற்றத்துக்கான வினையூக்கியைக் கணினியிலேயே வடிவமைத்துவிட முடியாதா?

எம்.எஸ்சி. படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சமச்சீரற்ற ஹைட்ரஜனேற்றத்துக்கு உலோக வினையூக்கியை எப்படி வடிவமைக்கிறார்கள்? மாதிரி போட்டுப் பார்த்தே சரியான லிகண்டைக் கண்டுபிடித்துவிடலாமே, ஏன் நூற்றுக்கணக்கில் சோதிக்கிறார்கள்?"

மருந்து மூலப்பொருள் தயாரிப்பில் ப்ராசஸ் வேதியியல் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஹைட்ரஜனைச் சேர்க்கும்போது, வலக்கை-இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான (கைரல்) இரண்டு வடிவங்களில் ஒன்றை மட்டும் அதிகமாகப் பெறுவதுதான் இங்கே நோக்கம். கணினி உதவும், ஆனால் லிகண்டைத் (உலோகத்தோடு ஒட்டியிருந்து அதன் நடத்தையை மாற்றும் மூலக்கூறு) தேர்ந்தெடுக்கும் வேலையை அதனிடம் முழுதாக ஒப்படைக்க முடியாது. காரணம் எளிது: நாம் பிடிக்க வேண்டிய ஆற்றல் வித்தியாசம் ரொம்பச் சின்னது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 95% ஈ.ஈ. (ஒரு கை வடிவம் மற்றதைவிட எத்தனை சதவீதம் மிகுதி என்ற அளவு) வேண்டுமென்றால் வலக்கை, இடக்கை வடிவங்கள் 97.5-க்கு 2.5 என்ற விகிதத்தில் வர வேண்டும். அறை வெப்பநிலையில் இதற்கு இரண்டு வடிவங்களுக்கும் போகும் வழியில் உள்ள ஆற்றல் உச்சிகளுக்கு நடுவே மோலுக்கு 2.2 கிலோகலோரி வித்தியாசம் போதும். 99% என்றால் 3.1. எத்தேனில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே உள்ள பிணைப்பு சுழலவே சுமார் 3 கிலோகலோரி தடை உண்டு. அதாவது அந்தச் சுழற்சித் தடை அளவுக்கான வித்தியாசம்தான் அருமையான வினையூக்கியையும் உதவாத ஒன்றையும் பிரிக்கிறது. இவ்வளவு பெரிய உலோகச் சேர்மங்களுக்கு டி.எஃப்.டி. (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணிக்கும் கணினி முறை) கணக்கில் ஒன்றிரண்டு கிலோகலோரி பிழை வருவது சகஜம். பிழையும் விடையும் ஒரே அளவில் இருந்தால் என்ன செய்வது?

இந்தத் துறை தொடங்கிய விதமும் இப்படித்தான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மான்சாண்டோவில் இருந்த வில்லியம் நோல்ஸ், வில்கின்சன் வினையூக்கி என்ற ரோடியம் சேர்மத்தில் இருந்த டிரைஃபீனைல்பாஸ்பீனுக்குப் பதில் ஒரு கைரல் பாஸ்பீனை (பாஸ்பரஸ் வழியாக உலோகத்தோடு ஒட்டும் லிகண்ட்) போட்டு 1968-இல் வெளியிட்ட முடிவு 15% ஈ.ஈ. மட்டுமே. எதற்கும் பயன்படாத எண், ஆனால் கொள்கை நிரூபணமாகிவிட்டது. அப்புறம் பாஸ்பரஸோடு ஒட்டிய குழுக்களை மாற்றி மாற்றி, கேம்ப் என்ற லிகண்டில் 88% எட்டினார்கள். இரண்டு பாஸ்பரஸை இணைத்து உருவாக்கிய டிப்பாம்பில் 95%. பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா அந்த ரோடியம் வழியில் தொழிற்சாலை அளவில் தயாரானது. 2001-இல் நோபல் பரிசு நோல்ஸுக்கும் நொயோரிக்கும் ஷார்ப்லெஸ்ஸுக்கும் போனது. அந்தப் பாதை முழுக்க 'இதை மாற்றினால் என்ன ஆகும்' என்ற கேள்விதான்.

சரி, படம் வரைந்து யோசிப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ரோடியத்தோடு கைராஃபாஸ் லிகண்டும் ஹைட்ரஜனேற்ற வேண்டிய டீஹைட்ரோ அமினோ அமில எஸ்டரும் சேரும்போது இரண்டு டயாஸ்டீரியோமர்கள் (ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் அல்லாத முப்பரிமாண வடிவங்கள்) உருவாகின்றன. ஒன்று கரைசலில் ஏராளமாக இருக்கும், மற்றது தேடினாலும் அகப்படாது. ஜாக் ஹால்பர்ன் குழுவினர் அந்த ஏராளமானதைப் படிகமாக்கி எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். நன்றாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது, விளைபொருள் இதிலிருந்துதான் வரும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அதிலிருந்து வர வேண்டியது எதிர்க்கை வடிவம்! உண்மையில் விளைபொருளைத் தருவது கண்ணில் படாத அந்தச் சிறுபான்மைச் சேர்மம். ஹைட்ரஜனோடு அது அவ்வளவு வேகமாக வினைபுரிகிறது.

இதன் பின்விளைவை ஆட்டோகிளேவிலேயே (வினை நடக்கும் அழுத்தக் கலன்) பார்க்கலாம். இந்த வகை வினைகளில் ஹைட்ரஜன் அழுத்தத்தை ஏற்றினால் வேகம் கூடும், ஈ.ஈ. விழும். இரண்டு சேர்மங்களும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறி மாறிச் சமநிலைக்கு வர அவகாசம் வேண்டும். அதிக அழுத்தத்தில் பெரும்பான்மைச் சேர்மம் மாறுவதற்குள் ஹைட்ரஜன் அதைப் பிடித்துவிடும். குளிர வைத்தாலும் அந்த மாற்றம் மந்தமாகி ஈ.ஈ. விழும். 'குளிர்ந்தால் தேர்வுத்திறன் கூடும்' என்று பாடத்தில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்.

அப்படியானால் வடிவமைப்பு என்று எதைத்தான் சொல்வது? என் கருத்தில், எளிதாக மாற்றிப் பார்க்கக்கூடிய ஒரு சட்டகத்தை உருவாக்குவதுதான் நிஜமான வடிவமைப்பு. நல்ல உதாரணம் ஜோசிஃபாஸ். சிபா-கைகி என்ற சுவிஸ் நிறுவனத்தில் அன்டோனியோ டோக்னி உருவாக்கிய ஃபெரோசீன் லிகண்ட் குடும்பம் அது. முதலில் அதைத் தயாரித்த ஆய்வக உதவியாளர் ஜோசி புலேயோவின் பெயரைத்தான் வைத்தார்கள். அதில் இரண்டு பாஸ்பரஸும் வெவ்வேறு படிகளில் ஏறுகின்றன. ஒன்றில் ஃபீனைல், மற்றதில் சைக்ளோஹெக்சில் அல்லது 3,5-சைலைல் என்று இஷ்டப்படி கலந்து பெரிய தொகுப்பே செய்துவிடலாம்.

அந்தக் குடும்பத்தில் வந்த சைலிஃபாஸை இரிடியத்தோடு சேர்த்து, மெட்டோலாக்ளோர் களைக்கொல்லிக்கான இமீனை ஹைட்ரஜனேற்றம் செய்கிறார்கள். ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல். ஈ.ஈ. வெறும் 80% தான்! களைக்கொல்லிக்கு அது போதும். அவர்களுக்கு வேண்டியிருந்தது வினையூக்கியின் ஆயுள்: ஒரு இரிடியம் அணு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளை மாற்ற வேண்டும். 80 பார் அழுத்தம், 50 டிகிரி வெப்பத்தோடு அமிலமும் அயோடைடும் சேர்த்த பிறகுதான் அந்த வேகமும் ஆயுளும் கிடைத்தன. அமிலம் போடு என்று எந்த முப்பரிமாண மாதிரி சொல்லியிருக்கும்?

உடன் இருக்கும் எதிர்மின் அயனியை மாற்றினாலே வினையூக்கியின் தலைவிதி மாறும் என்பதற்கு, வேதியியலாளர் ஃபால்ட்ஸின் இரிடியம்-ஃபாக்ஸ் வினையூக்கிகளைப் பாருங்கள் (ஃபாக்ஸ் என்பது ஒரு கைரல் லிகண்ட்). ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் உப்பாக இருந்தபோது சீக்கிரமே செயலிழந்தன. இடத்தை அடைக்கும், உலோகத்தோடு ஒட்டாத பெரிய போரேட்டை (பார்எஃப்) வைத்ததும் நீண்ட நேரம் தாக்குப்பிடித்தன. லிகண்டில் ஒரு அணுகூட மாறவில்லை.

இதற்காகப் பகுத்தறிந்து வடிவமைப்பதே வீண் என்று சொல்லவில்லை. நொயோரியின் ருத்தேனியம்-பைனாப்-டைஅமின் வினையூக்கி இருக்கிறதே, அது யோசித்துப் புரிந்துகொள்ளக்கூடியது. உலோகத்தின் மீதுள்ள ஹைட்ரைடும் நைட்ரஜன் மீதுள்ள புரோட்டானும் ஒரே நேரத்தில் கீட்டோனின் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் போகின்றன. கீட்டோன் உலோகத்தோடு ஒட்டவே வேண்டியதில்லை. அதனால்தான் அதே மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு இருந்தாலும் அதைத் தொடாமல் கார்பனைலை மட்டும் ஒடுக்குகிறது. இப்படி வினைவழி தெளிவாகத் தெரிந்த இடங்களில் கணினி மாதிரிகள் பட்டியலைச் சுருக்க நன்றாகவே உதவுகின்றன. மிச்சத்தை, ஒரே நேரத்தில் பல சிறு வினைகளைச் சோதிக்கும் 96 குழித் தட்டில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டும்போது சப்ஸ்ட்ரேட்டின் (வினையூக்கி மாற்ற வேண்டிய மூலப்பொருள்) தூய்மையைச் சந்தேகித்துக்கொண்டே இருங்கள். மெர்க் மருந்து நிறுவனத்தின் சிட்டாக்ளிப்டின் (நீரிழிவு மருந்து) தயாரிப்பு வழியில் ரோடியம்-ஜோசிஃபாஸ் வினையூக்கி ஒரே சீராக ஓட மிகச் சிறிதளவு அமோனியம் குளோரைடு தேவைப்பட்டது. நல்ல லிகண்டைக் குப்பையில் போடுவதற்கு முன் இன்னொரு பேட்ச் கச்சாப்பொருளில் ஒருமுறை பாருங்கள். (அந்த ரோடியம் வழியையும் 2010 வாக்கில் மாற்றியமைத்த டிரான்ஸ்அமினேஸ் நொதி ஓரங்கட்டியது வேறு கதை.)

கேள்விக்குக் கீழே இன்னொருவர், மலிவான உலோகங்களுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டிருந்தார். உண்டு. பிரின்ஸ்டனில் பால் சிரிக் குழுவும் மெர்க்கும் சேர்ந்து 2018-இல், கோபால்ட்டைத் துத்தநாகத்தால் ஒடுக்கி, மெத்தனாலில் லெவெட்டிராசெட்டம் என்ற வலிப்பு மருந்தை 200 கிராம் அளவில் செய்து காட்டினார்கள். வினையூக்கி 0.08 மோல் சதவீதம் மட்டுமே. ஆனால் 'மலிவு' என்று சொல்லும்போது கவனம்: கோபால்ட் மலிவுதான், அதோடு போகும் கைரல் பிஸ்பாஸ்பீன் (இரண்டு பாஸ்பரஸ் கொண்ட லிகண்ட்) மலிவில்லை.