கீபோர்டு, மானிட்டர், டிஸ்க் எதுவுமே இல்லாத பழைய சன் வொர்க்ஸ்டேஷனை ஓட வைக்க முடியுமா?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியின் பழைய கம்ப்யூட்டரான ஸ்பார்க்ஸ்டேஷன் 5 ஒன்று எடைக்குக் கிடைத்ததாகவும், விடுபட்ட சாமான்களைத் தேடிச் சேர்க்கும் வரை வைத்திருப்பதா, தூக்கிப் போடுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தூக்கிப் போடாதீர்கள். தேடி அலையவும் வேண்டாம். இல்லை என்று நீங்கள் சொல்லும் சாமான்களில் முக்கால்வாசி இல்லாமலே அது ஓடும்.

உங்களுக்கும் ஏதோ கல்லூரி லேபிலிருந்து கழித்துவிட்ட பெட்டிதான் வந்திருக்கும். எனக்கு அப்படித்தான் வந்தது. மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டுவதும் இன்வெர்ட்டர் பார்ப்பதும் என் தொழில். ஒரு கல்லூரியை மூடியபோது சாமான்களை மொத்தமாக எடுத்த பழைய இரும்புக்கடை அண்ணன், "தம்பி, இது என்ன பொட்டின்னே தெரியல, நீயே எடுத்துக்க" என்று கொண்டுவந்து இறக்கினார். டிஸ்கைக் கல்லூரிக்காரர்களே கழற்றிக்கொண்டார்கள். கீபோர்டு ஒயர் செம்புக்காகப் போய்விட்டது.

முதல் வேலை பவர் சப்ளை. பல வருடம் சும்மா கிடந்ததை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரியலில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே மெஷினுக்குப் போகும்படி, போட்டுக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று மின்னி அடங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். காயில் கடைக்காரன் புத்தி என்று கிண்டல் செய்பவர்கள் செய்துகொள்ளட்டும், மதர்போர்டு பிழைத்தால் போதும். பல்பு அடங்கியதும் அந்தப் பல்பை எடுத்துவிடுங்கள், அதை வைத்துக்கொண்டே ஓட்டக்கூடாது.

அடுத்தது மானிட்டர். இந்த மெஷினுக்கு 13டபிள்யூ3 என்ற தனிச் சாக்கெட். அதற்கான மானிட்டரை நம் ஊர்ப் பக்கம் யாரிடம் போய்க் கேட்பது? தேவையே இல்லை. கீபோர்டு சொருகவில்லை என்றால் சன் மெஷின் தானாகவே முதல் சீரியல் போர்ட்டில், அதாவது வேறொரு கம்ப்யூட்டரோடு எழுத்தாகப் பேசும் சாக்கெட்டில், பேச ஆரம்பித்துவிடும். அதாவது கீபோர்டு இல்லாதது உங்களுக்கு நல்லதுதான். சன்னில் சொருகும் 25 பின் பக்கத்தின் 2-ஐ 9 பின் பக்கத்தின் 2-க்கும், 3-ஐ 3-க்கும், 7-ஐ 5-க்கும் இணைத்தால் மூன்றே கம்பியில் கேபிள் தயார். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள யுஎஸ்பி சீரியல் அடாப்டரில் சொருகி, டெர்மினல் புரோகிராம் ஒன்றில் 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் என்று வைத்துப் பாருங்கள்.

அநேகமாக ஐடிப்ராம் (மெஷினின் அடையாள எண்கள் இருக்கும் இடம்) செல்லாது என்று திட்டும், நெட்வொர்க்குக்கான ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப் எஃப் என்று காட்டும். பயப்படாதீர்கள், போர்டு நன்றாக இருக்கிறது. அந்த எண்களை வைத்திருக்கும் எம்48டி08 என்ற சிப்பின் தலைக்குள் பேட்டரியை வைத்து எபாக்ஸி ஊற்றி மூடியிருக்கிறார்கள், அது செத்துவிட்டது, அவ்வளவுதான். ஆன்லைனில் "புதுசு" என்று விற்பவற்றை நான் நம்புவதில்லை. பழைய சிப்பின் உள்ளே இருப்பதும் பழைய பேட்டரிதானே. ஓரத்தைச் சிறு அரத்தால் பொறுமையாகச் சுரண்டினேன். கறுப்புப் பொடி கொட்டிக்கொண்டே இருந்து, திடீரென்று மயிரிழை அகலத்தில் வெள்ளியாக ஒரு பளபளப்பு தெரிந்தது. அதுதான் பேட்டரியின் கால். பழைய பேட்டரியின் இணைப்பை அறுத்துவிட்டு, பிளஸ் மைனஸ் பார்த்து, சிஆர்2032 ஹோல்டருக்கு இரண்டு ஒயர் இழுத்து சால்டர் வைத்தேன். கைக்கடிகார ரிப்பேர் லென்ஸ் இருந்தால் நல்லது.

அப்புறம் ஓகே என்று நிற்கும் இடத்தில் எம்கேபி என்ற கட்டளையால் ஐடிப்ராமின் 16 பைட்டையும் திரும்ப எழுத வேண்டும். உள்ளே இருப்பது ஃபோர்த் என்ற புரோகிராம் மொழி: முதலில் மதிப்பு, பிறகு இடம், கடைசியில் கட்டளை. தமிழ் வாக்கியம் மாதிரி வினை கடைசியில் வருவதால் எனக்கு உடனே பிடிபட்டது. முதல் பைட் 01, அடுத்தது இந்த மாடலுக்கு 80, பிறகு ஈதர்நெட் முகவரி. அது சன்னுக்கு 8:0:20 என்றுதான் தொடங்கும். மீதி மூன்றை உங்கள் வீட்டில் வேறெதிலும் இல்லாததாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பைட், முந்தைய 15-இன் எக்ஸ்-ஆர், அதாவது பிட் பிட்டாக ஒப்பிட்டுப் போடும் சரிபார்ப்புக் கணக்கு. அதைத் தாளில் போட்டு மண்டையை உடைக்க வேண்டாம். ஒரு வரி எழுதினால் மெஷினே போட்டுக்கொடுக்கும்.

டிஸ்க்குக்கும் அதைப் பொருத்தும் பிராக்கெட்டுக்கும் பதில், எஸ்டி கார்டை ஸ்கஸி (இந்த மெஷின் டிஸ்கோடு பேசும் பழைய முறை) டிஸ்க் போலக் காட்டும் சிறு போர்டு போதும். அதைச் சொருக மெஷினின் பின்பக்கம் 50 பின் சாக்கெட் இருக்கிறது. ஐடி 3 என்று வைத்தால்தான் சன் அதை முதல் டிஸ்காக எடுக்கும்.

இந்தப் போர்டு வந்த கதையைக் கேட்காதீர்கள். கூரியர்காரர்கள் எங்கள் தெருவுக்கு வரமாட்டார்களாம், டவுனில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஆள் இல்லை என்று பொய்யாகப் பதிந்துவிட்டுத் திருப்பியும் அனுப்பிவிட்டார்கள். மறுபடி காசு கட்டித்தான் வாங்கினேன். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால்கூட எங்கள் பக்கத்துக் கடைமடை வாய்க்காலுக்கு அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2018-ல் கஜா புயல் அடித்தபோது கரண்ட்டும் கடைசியாகத்தான் வந்தது. பார்சலுக்குமா கடைமடை? கட்டணத்தில் மட்டும் எங்களுக்குத் தள்ளுபடி கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேறொரு மெஷினைப் போல நடிக்கும் கியூஇஎம்யூ என்ற சாஃப்ட்வேரிலேயே ஸ்பார்க்ஸ்டேஷன் 5 ஓடுமே, எதற்கு இவ்வளவு பாடு என்று யாராவது கீழே எழுதுவார்கள். ஓடும், தெரியும், ஓட்டியும் பார்த்திருக்கிறேன். பெட்டி கையில் இருப்பவரிடம் போய் அதைச் சொல்லாதீர்கள். ஒரிஜினல் டிஸ்க் இல்லாவிட்டால் அது சீரமைப்பே இல்லை என்பவர்களுக்கு ஒரே கேள்வி: இந்தக் காலத்தில் அந்த டிஸ்கை எத்தனை நாள் நம்புவீர்கள்? 1994-ல் வந்த மெஷின் ஐயா இது.

சாஃப்ட்வேருக்கு நெட்பிஎஸ்டி என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுங்கள், இன்னும் இந்த மெஷினை ஆதரிக்கிறார்கள். சன்னின் சொந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமான சோலாரிஸ்தான் வேண்டும் என்றால் 9-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள், 10 இதில் ஏறாது. கேபிள் கட்டியும் திரையில் ஒன்றும் வராவிட்டால் மெமரியைக் கழற்றி, காலைத் துடைத்துத் திரும்பச் சொருகிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் போர்டை இரண்டு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.