‘பூங்காவில் உலவினார்’ பிழையா?

‘தாத்தா பூங்காவில் உலவினார்’ என்று நீங்கள் எழுதியது பிழை இல்லை. மெய்ப்புப் பார்த்தவர் அதை ‘உலாவினார்’ என்று திருத்தியதும் சரிதான். உலவு, உலாவு இரண்டும் நல்ல தமிழ் வினைகளே.

அவர் திருத்தியதற்குக் காரணம் இன்றைய வழக்காக இருக்கலாம். வதந்தி உலவுகிறது, யானைகள் உலவும் காடு என்கிறோம். அங்கே பரவுதல், நடமாடுதல் என்ற பொருள். ஆள் ஒருவர் பொழுதுபோக்காக நடந்தால் ‘உலாவு’ என்பதே காதுக்குப் பழகியிருக்கிறது.

ஐயம் வந்தால், அந்த இடத்தில் ‘காலாற நடந்தார்’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் உலாவு. ‘நடமாடு’ பொருந்தினால் உலவு.

‘உலா வந்தார்’ என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். உற்சவமூர்த்தியின் வீதியுலா, அரசன் பவனி வருவதைப் பாடும் உலா என்ற சிற்றிலக்கியம் என அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஊர்வலமே நிற்கிறது. செருப்பு மாட்டிக்கொண்டு மாலையில் நடக்கப்போகும் தாத்தாவுக்கு அது பொருந்தாது.

உங்கள் கதையில் யாழ்ப்பாணத்தார் பேசினால் ‘உலாத்து’ என்று வையுங்கள். ‘உலாத்தப் போறம்’ என்பது அங்கே அன்றாடப் பேச்சு, ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் அதுவே சொல். அதைத் திருத்த விடவேண்டாம்.

இன்னொன்று: லகரம் தவறி ‘உளவினார்’ ஆகிவிட்டால் ஒற்றுவேலை நினைவுக்கு வரும். பழைய செய்யுளை மேற்கோள் காட்டும்போது உலவு, உலாவு எதுவானாலும் கைவைக்காதீர்கள். குறில் நெடிலானால் செய்யுளின் ஓசை மாறிவிடும்.